தொகுதி மடலின் பின்பக்கம்

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு 'ஒருவர்' என்ற சொல்லைக் கண்டாலே ஆகாது. கடலுக்குப் போன படகு கவிழ்ந்து எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் இறந்துபோனார். மறுநாள் காலையில் எம்.எல்.ஏ. பேப்பரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான் வேலை பார்த்த அச்சகத்துக்குள் வந்தார். 'மீனவர் ஒருவர் பலி' என்று நாலு வரிச் செய்தி. அதை என் கீபோர்டு மேலேயே விரித்துப் போட்டு விரலால் குத்திக் காட்டினார்.

"ஒருவர்னா யாரும்மா? அவன் பொண்டாட்டி ஒருவரயா கட்டிகினா? அவங்க ஆத்தா ஒருவர்னா பேரு வச்சா?"

அவர் பேச்சுக்குப் பதில் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. அந்த மாதம் அவர் வெளியிட்ட தொகுதி மடலில் இறந்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தெரு, படகின் பெயர், திருவிழாவில் அவர் பம்பை அடித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பது வரை எல்லாம் வந்தது. இறந்தவரின் பொண்டாட்டி அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தாள். புருஷனின் போட்டோ எதுவும் அவளிடம் இல்லை.

அவர் ஒரே ஒரு தடவைதான் எம்.எல்.ஏ.வாக இருந்தார். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. வடசென்னைக்காரர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்கத் தோன்றும். வேண்டாம், விட்டுவிடுங்கள். அவர் செய்த நல்லதுக்கு நூறு சாட்சி உண்டு. செய்த ஒரு தப்புக்கு நான் ஒருத்திதான் கூட்டாளி, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் மாமா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். வாசலில் எந்நேரமும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ், இதுதான் எங்கள் பிழைப்பு. கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பது நான். தமிழில் பி.ஏ. முடித்துவிட்டு, தபாலில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். கண்ணீர் அஞ்சலியில்கூட ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

மற்ற எம்.எல்.ஏ.க்கள் சுவரில் எழுதினார்கள், பேனர் கட்டினார்கள். இவர் மாதம் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். அதற்குத் தொகுதி மடல் என்று பெயர். முன்பக்கம் சட்டமும் திட்டமும். சட்டசபையில் என்ன நடந்தது, புதிதாக என்ன உத்தரவு வந்திருக்கிறது, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க எங்கே போவது, இந்த மாதிரி. பின்பக்கத்துக்கு 'நம்ம ஜனம்' என்று தலைப்பு. யார் பிள்ளை பத்தாவது பாஸ், யாருக்கு ரெட்டைக் குழந்தை, எந்தத் தெருவில் கபடி ஜெயித்தார்கள், யாருக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எல்லாம் அதில் வரும். டீக்கடை, சலூன், ரேஷன் கடை, மீன் மார்க்கெட் எங்கும் அதைப் போடுவார்கள். முன்பக்கத்தைப் படித்தவர்கள் குறைவுதான். பின்பக்கத்துக்கு அடிதடி நடக்கும்.

முன்பக்கம் என் பொறுப்பு. அரசாங்கத்திலிருந்து வந்த இங்கிலீஷ் காகிதங்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மீன் கூடை தூக்குகிற பொம்பளைக்கும் புரிகிற மாதிரி எழுது என்பார். பின்பக்கத்தை அவரே நின்றபடி சொல்வார், நான் அடிப்பேன். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கையில் ஒரு பொட்டலம் வறுத்த பட்டாணி இருக்கும். ஒரு பெயருக்கு ஒரு பட்டாணி. குறிப்பு, நோட்டு எதுவும் கிடையாது. அப்பா பெயர், தெரு, அடையாளத்துக்கு ஏதாவது ஒன்று, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். நான் ஏதாவது பெயரை விட்டுவிட்டால், பட்டாணி ஒண்ணு மிஞ்சுதே, யாரை வுட்ட என்று கேட்பார். பல தடவை நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன், கணக்கு தப்பாது.

இந்தப் பெயர்ப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கரண்ட் போயிருந்தது. வேறு வேலை இல்லை, அதனால் சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நிரந்தர வேலை கிடையாது. விடிகாலையில் வாசலில் போய்க் கூட்டத்தோடு நிற்க வேண்டும். மேஸ்திரி ஒரு பலகை மேல் ஏறி நின்று பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆளுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா வேறு எதுவும் கேட்க மாட்டாளாம்.

"'கூப்ட்டானா?' அவ்ளோதான் கேக்கும் எங்கம்மா. கூப்ட்டான்னா அடுப்பு எரியும். இல்லன்னா நாங்கோ தண்ணி குட்ச்சிட்டுப் படுத்துக்குவோம். பேரு இன்னா சும்மான்னு நெனச்சிகினியா?"

அதைக் கேட்ட பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

சட்டசபையில் ஒரு தடவை அவருக்குப் பேச நேரம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வகுப்பின் ஓடு உடைந்து மழைக்காலத்தில் பிள்ளைகள் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மானியக் கோரிக்கை, மண்ணாங்கட்டி என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் எழுந்து அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பெயர் பெயராக. விஷயத்துக்கு வாருங்கள் என்றார்களாம். இதான் விஷயம் என்று சொல்லிவிட்டு மேலே படித்தாராம். மணி அடித்து உட்காரவைக்கும்வரை நிறுத்தவில்லை. அடுத்த மழைக்குள் அந்தப் பள்ளிக்குக் கூரை வந்துவிட்டது. ஆனால் மணி அடித்ததால் விட்டுப்போன கடைசி நாலைந்து பிள்ளைகளின் அம்மாக்கள் அவர் வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டார்கள். அந்த மாத மடலில் அந்த நாலைந்து பெயர்களைத் தனியாகக் கட்டம் கட்டிப் போடச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டே போட்டேன். சிரிக்கத்தான் செய்தேன், ஆனால் உள்ளுக்குள் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று அரசாங்கம் புதிதாகத் தடை போட்ட சமயம் அது. எங்கள் பக்கத்துத் தெருவில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போனதும், ஒரு புரோக்கர் பொம்பளை பேச்சைக் கேட்டு அந்தப் பெண்ணை நகரத்தின் வேறு மூலையில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருந்தாள். அங்கே ஏதோ பால் பொங்கி வழிந்ததற்காக அந்த வீட்டுக்காரி கரண்டியைக் காய்ச்சித் தொடையில் வைத்துவிட்டாள். விஷயம் எப்படியோ இவர் காதுக்கு வந்தது. அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு அவரே போய் நின்றார். அந்தப் பெண்ணை மீட்டு, குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, வைத்தியம் பார்த்து, அம்மாவிடம் ஒப்படைத்து, அந்த வீட்டுக்காரி மேல் வழக்கும் போடவைத்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஏழாம் வகுப்பு. பையும் நோட்டும் கொடுத்து, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டவும் வைத்தார்.

அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். ரெண்டு வருஷம் விட்டுப்போயும் கணக்கில் முதல் வரிசை என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். அவள் தொடர்ந்து படிப்பாளா, இல்லை மறுபடி எங்காவது பாத்திரம் தேய்க்கப் போவாளா என்பதுதான் அந்தத் தெருவுக்கே கேள்வியாக இருந்தது. அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு வீட்டில் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள்.

இதற்கு மேல் இவர் சும்மா இருப்பாரா? அந்த மாத மடலே குழந்தைகள் மடல் என்றார்.

முன்பக்கத்துக்கு அவர் கொடுத்த காகிதங்கள் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தில் அப்போது வந்திருந்த திருத்தங்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எம்.ஏ.க்கு எழுதிய எந்தக் கட்டுரையையும் அவ்வளவு ஆசையாக எழுதியதில்லை. பிள்ளையை வேலைக்கு வைத்தால் என்ன தண்டனை, அடித்தால் யாரிடம் சொல்வது, சொன்னவரை யார் காப்பாற்றுவார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். அதில் ஒரு பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் செய்தித்தாளிலோ செய்தி மடலிலோ வெளியிடக் கூடாது என்றது. அதற்கு நான் போட்ட துணைத்தலைப்பு எனக்கு இன்னும் மனப்பாடம்: 'அடிபட்ட பிள்ளையின் பேரை ஊருக்குச் சொல்லாதீர்கள்.' எனக்கே என் தமிழ் பிடித்துப்போனது.

மறுநாள் அவர் பட்டாணியோடு வந்து பின்பக்கத்தைச் சொன்னார். முதல் செய்தியே அந்தப் பெண்தான். பெயர், அம்மா பெயர், தெரு, பள்ளி, வகுப்பு. எந்தத் தொடையில் சூடு என்பதுவரை. 'இத்தனை பட்டும் தலை நிமிர்ந்து பள்ளி செல்லும் நம் வீட்டுப் பெண்' என்று முடித்தார். நான் அடித்தேன். பையோடு அவள் நிற்கும் படத்தையும் பக்கத்தில் வைத்தேன்.

இதை நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். கவனித்தேன். புரூஃப் எடுத்து ரெண்டு பக்கத்தையும் மேஜை மேல் அடுத்தடுத்து வைத்தபோது என் துணைத்தலைப்பும் அந்தப் பெண்ணின் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. ஏதோ உறுத்தியது. ஆனால் அதே பின்பக்கத்தில், அவளுக்கு ரெண்டு செய்தி கீழே, நம் மடலை வடிவமைக்கும் செல்வி இன்னார் தபால் வழியில் எம்.ஏ. முதல் வருடம் முதல் வகுப்பில் தேறியிருக்கிறார் என்று என் பெயர் இருந்தது. நான் சொல்லாமலே எங்கிருந்தோ கேட்டறிந்து போட்டிருந்தார். என் பெயரை அச்சில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதை எத்தனை தரம் புரூஃப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தைக் கலைத்து மறுபடி கட்டுவானேன், அவர்தான் சட்டசபை போகிறவர், அவருக்குத் தெரியாததா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்ணீர் அஞ்சலியில் ஒற்றுப்பிழை பார்க்கிறவள், அன்றைக்குச் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

மடல் வெளியாகிப் பத்து நாள் இருக்கும். அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பு டீச்சர் அச்சகத்துக்கு வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற அம்மா. எம்.எல்.ஏ.வும் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் வணக்கம் சொல்லிவிட்டுத் தாளை மேஜை மேல் வைத்தார். முதலில் முன்பக்கத்தில் அந்தப் பிரிவைக் காட்டினார். பிறகு தாளைத் திருப்பி வைத்தார். இதைப் படித்துவிட்டு வகுப்புப் பிள்ளைகள் பாத்ரூமில் அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டார்களாம். காட்டு, காட்டு என்று பாவாடையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

"அடிச்சதுகூட நாலு சுவத்துக்குள்ள சார். இது ஊர் பூரா" என்றார் டீச்சர்.

"நல்லது தானம்மா போட்டேன்" என்றார் இவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. முன்பக்கத்தை எடுத்து அந்தப் பிரிவை எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி படித்தார். அவர் முன்பக்கத்தைப் படித்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பேரில் அவ்வளவு நம்பிக்கை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இத்த நீ தானே எழுதின என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மடலில் மன்னிப்புக் கேட்டுப் போட்டுடலாம் என்றார். யாரிடம் மன்னிப்பு என்று போடுவீர்கள் என்று டீச்சர் கேட்டார். அவர் வாயைத் திறந்து, பெயரைச் சொல்லப்போய், மூடிக்கொண்டார்.

டீச்சர் போன பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா மடலையும் திரும்ப வாங்கிவிடுவோம். நான் கூட வருகிறேன் என்றேன். கட்சிக்காரர்கள் யாரையும் கூப்பிடாமல் நாங்கள் ரெண்டு பேரும் தெருத் தெருவாகப் போனோம். டீக்கடையில் கிடந்தது சுலபமாகக் கிடைத்தது. பஜ்ஜி மடிக்கப் போனதுபோக மிச்சம் இருந்ததைக் கொடுத்தார்கள். வீடுகளில்தான் தகராறு. ஒரு வீட்டில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த மகன் பெயர் வந்திருக்கிறது என்று லேமினேஷனே செய்துவைத்திருந்தாள் ஒரு பெண்.

"எம்புள்ள பேரு கீது இதுல. குடுத்த சாமான திருப்பிக் கேப்பியா நைனா நீ?"

தப்பு அச்சாகிவிட்டது, திருத்தி வேறு தாள் தருகிறேன் என்றார் இவர்.

"எங்க தப்பு கீது? காட்டு பாப்போம்."

அவர் எதைக் காட்டுவார்? எல்லாம்தான் தப்பு என்று ஏதோ உளறினார். அவள் தாளைக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இதில் ஏதோ தப்பு இருக்காம், வா பார்க்கலாம் என்றாள். சலூனிலும் அதேதான். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கிழிக்க விடாமல், முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தர் எழுந்து வந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நாங்கள் மூன்றாவது தெருவுக்குப் போவதற்குள் சேதி எங்களை முந்திக்கொண்டது. எம்.எல்.ஏ.வே அலைந்து திரும்ப வாங்குகிறார் என்றால் இதில் என்னவோ இருக்கிறது என்று, தங்கள் வீட்டுப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தவர்களெல்லாம் எடுத்து வரி வரியாகப் படித்தார்கள். அதுவரை அந்தச் செய்தியைப் பாதிப் பேர் படித்திருக்கவே மாட்டார்கள். சாயந்தரத்துக்குள் படிக்காத ஆளே இல்லை.

அந்தப் பெண்ணின் தெரு முனையில் நின்றோம். கையில் சுருட்டிய தாள்கள். உள்ளே போகலாமா என்று கேட்டேன். எந்த மூஞ்சிய வச்சிகினு போறது என்றார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பிவிட்டோம். அவள் வீடு அங்கிருந்து நாலாவது வாசல்.

டீச்சர் எவ்வளவோ முயற்சி செய்தார். வேறு பள்ளியில் சேர்த்துவிடுகிறேன் என்றும் கேட்டுப்பார்த்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

அடுத்த மாத மடலில் பின்பக்கத்தைச் சொல்ல வந்தவர் கையில் பட்டாணி இல்லை. 'ஒரு மாணவர் முதல் மதிப்பெண் பெற்றார். ஒரு குடும்பத்துக்குப் பட்டா கிடைத்தது. ஒருவர் காலமானார்.' அப்படியே அடி என்றார். அண்ணே, பாஸானதுக்குப் பேர் போடலாம், அதில் தப்பில்லை என்று எடுத்துச் சொன்னேன். எது தப்பு எது தப்பில்லன்னு எனக்கு இன்னாமா தெரியும் என்றார். ஜனங்கள் சும்மா விடுவார்களா? யாருய்யா இந்த ஒருவர் என்று வாசலில் வந்து கேட்டார்கள். அதற்கடுத்த மாதத்தோடு மடல் நின்றுபோனது.

தேர்தல் வந்தது. வழக்கம்போல நடந்தே ஓட்டுக் கேட்டார். வாசலில் நிற்கிற ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளையைக் கேட்டு, ஆடு கோழியைக்கூடக் கேட்டு, அதுதான் அவர் ஓட்டுக் கேட்கும் முறை. நோட்டீஸ் கட்டோடு நானும் கூட்டத்தில் போனேன். அந்தப் பெண்ணின் வாசலில் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். மகளுக்குப் பாவாடை தாவணி வயதாகியிருந்தது. இவர் பேசிக்கொண்டே வந்தவர் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்தினார். கையைக் கூப்பினார், தலை நிமிரவில்லை, கடந்து போய்விட்டார். அடுத்த வாசலில் மறுபடி பெயர் சொல்ல ஆரம்பித்தார். அவள் பெயரைத் தெருவில் இன்னொரு தரம் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெரிய மனுஷன்தான் என்றுகூட நினைத்தேன்.

தோற்றுவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த முறை காற்றே வேறு பக்கம் அடித்தது. அதன் பிறகு நாலைந்து வருஷம்தான் இருந்தார். மாரடைப்பு. எழவு வீட்டில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, அவர் தங்கள் பெயரை மடலில் போட்டதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு கதை இருந்தது, சொல்லவில்லை.

போன ஆனியில் ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். மாமா போய்ச் சேர்ந்து, அச்சகம் என் கைக்கு வந்து வருஷமாகிறது. மகளுக்குக் காது குத்தல், பத்திரிகை அடிக்க வேண்டும் என்றாள். வாசகம் எழுதிய தாளை நீட்டினாள். அழைப்பவர் என்ற இடத்தில், அன்றைக்கு மடலில் நான் அடித்த பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். முகத்தைப் பார்த்தேன். அவள்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் துணி தைக்கிறாளாம். என் பெயரைப் பெரிசாகப் போடுக்கா, வூட்டுக்காரர் பெயரைவிடப் பெரிசாக என்று சிரித்தாள். தன் பெயரை அச்சில் பார்த்தாலே அவள் மிரளுவாள் என்று இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் என்னுடைய கற்பனை.

என்னை அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அவளேதான் பேச்சை எடுத்தாள். அவரு செத்துட்டாராமே என்றாள். ஆமாம் என்றேன். ஓட்டுக் கேட்டு வந்தப்போ தெருவில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் தன்னை மட்டும் தாண்டிப் போனது, பள்ளிக்கூடத்தை விட்டதற்கான கோபம் என்று அவளும் அவள் அம்மாவும் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மானத்தை வாங்கிட்டியேடி என்று அம்மா அன்றைக்கு அவளை அடித்தும் இருக்கிறாள்.

நான் அவசர அவசரமாக உண்மையைச் சொன்னேன். கோபம் இல்லை, வெட்கம். அவர் மடலைத் திரும்ப வாங்க அலைந்ததைச் சொன்னேன். பெயரைச் சொன்னால் உனக்கு மறுபடி கஷ்டம் என்றுதான் வாயை மூடிக்கொண்டு போனார் என்றேன். அந்தப் பக்கத்தை அடித்தது நான், தப்பு என்று தெரிந்தே அடித்தேன் என்பதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அத்தினி வூட்டுக்குப் போனீங்கோ ரெண்டு பேரும். எங்க வூட்டுக்கு ஏங்க்கா வரல? வந்து, தப்பாயிடிச்சி, நீ ஸ்கூலுக்குப் போம்மான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போயிருப்பேன். நா கட்டில் கீழ படுத்துகினு யாராச்சும் வருவாங்கன்னு தான் பாத்துகினே இருந்தேன்."

அந்தத் தெரு முனை என் அச்சகத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். அவர் இருந்தவரையும் போகவில்லை, அவர் செத்த பிறகும் நான் போகவில்லை. காய்கறி வாங்க வாரம் ரெண்டு தரம் அந்த வழியாகத்தான் நடக்கிறேன்.

என்னை மன்னிச்சிடும்மா என்றேன்.

"இப்பவாக்கா?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பத்திரிகை எப்போது கிடைக்கும் என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.